கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஊழியப் பயணம் செல்லும் குமரி மாவட்டத்தாருக்கு: அன்றாட வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துச் சபைகளிலிருந்து உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் சில வாரங்களோ சில மாதங்களோ ஊழியத்துக்காகச் செல்கிறவர்களும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு, அங்கே தங்கிப் பணி செய்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். பிரசங்கம் செய்வது, விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, மருத்துவ முகாம் வைப்பது பற்றியெல்லாம் புறப்படும் முன் நடக்கும் பயிற்சிக் கூட்டங்களில் விரிவாகச் சொல்லித் தருகிறார்கள். சாப்பாடு, குளியல், தூக்கம், உடை, பணம் ஆகியவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நம்மை ஏற்றுக்கொள்ளும் ஊர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். விருந்தாளியாக இருக்கத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே, நாம் சொல்ல வந்ததைக் கேட்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அங்கே பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்தானே? பிறகு நாம் எதற்குப் போக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் புறப்படுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உகாண்டாவிலும் கென்யாவிலும் மக்களில் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள் என்பது உண்மை. 1886 ஜூன் 3 அன்று கம்பாலாவுக்கு அருகிலுள்ள நமுகோங்கோவில், மன்னன் முவாங்காவின் ஆணைப்படி, விசுவாசத்தை மறுதலிக்க மறுத்த இளைஞர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் ஆங்கிலிக்கரும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெருந்திரளான மக்கள் பல நாள் நடந்தே நமுகோங்கோவுக்கு வருகிறார்கள். 1930-களில் ருவாண்டாவில் தொடங்கி உகாண்டா, கென்யா, தான்சானியா வரை பரவிய எழுப்புதல் இன்றைய சபைகளின் ஜெபமுறையிலும் பேச்சிலும் கலந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் போவது, இரத்தசாட்சிகளைத் தந்த ஒரு சபைக்குத் துணை நிற்க. பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்க, செவிலியர் இல்லாத சிற்றூரில் முகாம் நடத்த, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரிக்க அவர்கள் அழைக்கிறார்கள். அழைப்புக் கடிதம் வராமல் யாரும் புறப்பட வேண்டாம். நம் மாவட்டத்தின் கதையே இதற்குச் சாட்சி. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அழைத்ததனால்தான் மிஷனெரி ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார்; அதற்கு முன் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்துக்கொண்டார்.

விசாவும் தடுப்பூசியும் எப்போது ஏற்பாடு செய்ய வேண்டும்?

குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். கென்யாவிலிருந்து திரும்பும்போதும் இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் இந்த ஊசி கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் அவற்றுள் ஒன்று. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

விசாவைப் பொறுத்தவரை, சுற்றுலா என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஊழியம் செய்வது பொய். கென்யாவில் சமய, அறப்பணிகளுக்கென்றே 'ஐ' வகுப்பு அனுமதி இருக்கிறது. உகாண்டாவிலும் குடியேற்றத் துறையின் அனுமதி வேண்டும். எந்த வேலைக்கு எந்த அனுமதி என்பதை அழைக்கும் சபையே விசாரித்துத் தருவது வழக்கம். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர் விண்ணப்பத்திலேயே உண்மையை எழுத வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியில் எதைக் கொண்டுபோகலாம், எதை விட்டுவிட வேண்டும்?

நம் வீடுகளில் சிப்ஸ், முறுக்கு, கருப்பட்டி, நல்லமிளகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பெட்டியில் அடுக்குவது வழக்கம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைகளுக்கு முழுத் தடை உண்டு; அபராதமும் சிறையும் விதிக்கும் அளவுக்குக் கடுமையான சட்டம் அது. தான்சானியா வழியாகப் போனாலும் இதே கதைதான்; அங்கே 2019 ஜூன் முதல் தடை. துணிப்பையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். விதை, செடி, பச்சைக் காய்கறி எதுவும் வேண்டாம்.

பழைய துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சில சபைகளில் ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக வரும் பழைய துணி அந்த ஊர்ச் சந்தைகளில் குவிந்து கிடக்கிறது. அதனால் அங்குள்ள நெசவும் தையலும் நலிந்தன என்ற வருத்தம் அவர்களுக்கு உண்டு. தங்கும் வீட்டுக்கு அன்பளிப்பாக முந்திரிக்கொத்தும், நல்ல வேட்டித்துணியில் தைத்த மேசை விரிப்பும் போதும். நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மிஷனெரி மார்த்தாள் மால்ட் அம்மையார் காலத்திலிருந்து நம் ஊர்ப் பெண்கள் பின்னிவரும் லேஸ் வேலைப்பாடு கொண்ட விரிப்பாக இருந்தால் அதைவிட நல்ல பரிசு இல்லை.

மின் பிளக் அங்கே மூன்று தட்டைக் கால்கள் கொண்டது. அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச், மருந்துகள், மருத்துவர் சீட்டின் நகல் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். டாலர் நோட்டுகளில் கிழிசலோ எழுத்தோ இருந்தால், அல்லது அவை மிகப் பழையவையாக இருந்தால், மாற்ற மறுத்துவிடுவார்கள்.

முதல் சில நாள்களில் மிகவும் குழப்பம் தருவது எது?

நேரம். கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள், அது எளிது. ஆனால் சுவாஹிலியிலும் லுகாண்டாவிலும் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி; ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று மணி. ஒருவர் ஆங்கிலத்தில் பேசும்போது நாம் சொல்லும் நேரத்தையே சொல்வார். தம் மொழிக்கு மாறியவுடன் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். "நாளை மூன்று மணிக்கு வருகிறேன்" என்று உபதேசியார் சொன்னால், காலையா மாலையா, ஆங்கில மணியா உங்கள் மணியா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

அடுத்தது காத்திருப்பது. பதினான்கு பேர் ஏறும் வேனை உகாண்டாவில் டாக்ஸி என்றும் கென்யாவில் மட்டாட்டு என்றும் சொல்கிறார்கள். ஆள் நிரம்பினால்தான் அது கிளம்பும். அதற்கு நேர அட்டவணை கிடையாது. வடசேரி பேருந்து நிலையத்தில் நேரம் பார்த்து ஏறிப் பழகிய நமக்கு இது எரிச்சலூட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று திட்டமிடுகிறவர் நிம்மதியாக இருப்பார். நான்கு வேலை என்று திட்டமிடுகிறவர் மாலையில் எல்லோர்மேலும் கோபப்படுவார்.

எப்படி வணக்கம் சொல்ல வேண்டும்?

நிதானமாக. நேராகக் காரியத்துக்கு வருவது அங்கே மரியாதைக் குறைவு. எப்படி இருக்கிறீர்கள், இரவு நன்றாகத் தூங்கினீர்களா, வீட்டார் எப்படி, தோட்டம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் பெற்ற பிறகே வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் சோப்பு வாங்கினாலும் இதே முறைதான். கையை வலக்கையாகவே நீட்டுங்கள். இது நமக்குப் புதிதன்று.

கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதியில் பெண்களும் சிறுமிகளும் பெரியவர்கள்முன் மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். நம் பிள்ளைகள் இதைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போகிறார்கள். ஒரு பாட்டி உங்கள்முன் மண்டியிட்டால், பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். நீங்களும் தாழ்வான இடத்தில் உட்கார்ந்து, அவர் கேட்கும் நலவிசாரணை ஒவ்வொன்றுக்கும் முழுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்த வழக்கம் சரியா தவறா என்று விவாதிக்க உங்களுக்கு அழைப்பு இல்லை. அங்குள்ள சபைப் பெண்களே அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மொழியில் பத்துப் பதினைந்து சொற்களாவது முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். நெய்யூர் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் சாமர்வெல் எவரெஸ்ட் ஏறப் போனவர், இலண்டனில் பெரிய பதவி காத்திருந்தவர். அவரும் நம் மக்களோடு பேசத் தமிழ் படித்தார்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

குமரி மாவட்டத்தார் இதைப் பற்றி வேறு எவரையும்விடக் குறைவாகக் கவலைப்படலாம். அங்கே அன்றாட உணவில் மரச்சீனிக் கிழங்கு உண்டு. நம் ஏத்தன் போன்ற காய்வகையை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்த மத்தோக்கே உண்டு. விக்டோரியா ஏரியின் ஜிலேபி மீன் உண்டு. நெத்தோலிக் கருவாட்டை நினைவூட்டும் சின்னஞ்சிறு ஏரி மீன் உலர்த்திக் கிடைக்கும். சக்கை மரங்கள் உகாண்டாவில் வழிநெடுக நிற்கும். சப்பாத்தியும் பால் தேநீரும் அங்கே வேர்விட்டவை. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்கள் வழியாகவும் அவர்களைத் தொடர்ந்து வந்த வணிகர்கள் வழியாகவும் பரவியவை.

இல்லாதது காரமும் தேங்காய் அரைப்பும். வெள்ளை மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டியதை கென்யாவில் உகாலி என்றும் உகாண்டாவில் போஷோ என்றும் சொல்வார்கள். அதில் உப்புகூட இருக்காது. கையில் ஓர் உருண்டை எடுத்து, பெருவிரலால் நடுவில் குழித்து, கீரையையோ அவரைக் குழம்பையோ அள்ளிச் சாப்பிட வேண்டும். முதல் நாள் தொண்டையில் இறங்காது. இரண்டாவது வாரத்தில் அதைத் தேடுவீர்கள்.

சாப்பிடும் முன் நடப்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பிள்ளை ஒரு கையில் வெந்நீர்க் குவளையும் மறுகையில் வட்டிலும், தோளில் துண்டுமாக வந்து, முதலில் விருந்தாளியின் முன் நிற்கும். நீங்கள் எழுந்து பின்பக்கம் போய்க் கைகழுவ வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே இரு கைகளையும் வட்டிலின்மேல் நீட்டினால் தண்ணீர் ஊற்றும். சோப்புப் போட்டுத் தேய்க்கும்வரை அந்தப் பிள்ளை பொறுமையாகக் குனிந்தே நிற்கும். துண்டை வாங்கித் துடைத்து, அதன் மொழியில் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நம்மவர்கள் சிலர் "எனக்கு வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மறுத்துவிடுகிறார்கள். பணிவு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். பிறர் செய்யும் பணிவிடையை ஏற்றுக்கொள்ளத் தெரியாதவருக்குப் பிறருக்குப் பணிவிடை செய்யும் தகுதி முழுமையாக வந்துவிடாது என்பது என் கருத்து. கால் கழுவவிட மறுத்த பேதுருவுக்கு ஆண்டவர் என்ன சொன்னார் என்பது தெரிந்ததுதானே.

உங்களுக்காகக் கோழி அடித்திருந்தால், அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்பதை அறிந்து சாப்பிடுங்கள். சைவ உணவு மட்டுமே உண்பவர் முன்கூட்டியே சபைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்லக் கூடாது. ஊறுகாய் பாட்டிலை முதல் நாளே மேசையில் எடுத்து வைக்காதீர்கள். நவம்பர் மாதத்தில் போகிறவர்களுக்கு வறுத்த வெட்டுக்கிளி கிடைக்கும். நம் பாட்டன்மார் மழைக்காலத்தில் ஈசல் வறுத்துத் தின்றவர்கள்தான் என்பதை நினைத்துக்கொண்டால் முகம் சுளிக்கத் தோன்றாது. மரச்சீனியை மட்டும் நீங்களாகப் பிடுங்கி வேகவைக்காதீர்கள். கசப்பு வகை அங்கே உண்டு. பக்குவம் தெரியாமல் சமைத்தால் அது நஞ்சு.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? நாமும் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள்தானே?

அந்த எண்ணம் ஆபத்தானது. அங்கே பரவும் பால்சிபாரம் வகை மலேரியா சில நாள்களில் உயிரை எடுக்கக்கூடியது. குமரியில் வளர்ந்ததனால் நமக்கு அதற்கு எந்த எதிர்ப்பாற்றலும் இல்லை. தடுப்பு மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தபடி, புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். ஊர் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் இதைத்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். பழைய குளோரோகுவின் அந்த மலேரியாவுக்கு வேலை செய்யாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மருந்தில் ஊறிய கொசுவலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். "ஜெபித்துவிட்டு நாளை பார்ப்போம்" என்பது வேண்டாம். ஜெபித்துக்கொண்டே பரிசோதனைக்குப் போகலாம்.

குளம், ஏரியில் குளிக்கலாமா? தண்ணீர் வசதி எப்படி?

குளிக்கக் கூடாது. குளத்தைக் கண்டால் துண்டோடு இறங்கிவிடுவது நம் மாவட்டத்துப் பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விக்டோரியா ஏரியிலும் பல நன்னீர் நிலைகளிலும் நத்தையிலிருந்து வெளிவரும் புழு, தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும். பில்ஹார்சியா என்னும் அந்த நோய் மாதங்கள் கழித்துக் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் தெரியவரும். கால் நனைத்தவர்கள் திரும்பியதும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

கிராமங்களில் தண்ணீர் மஞ்சள் நிற இருபது லிட்டர் கேனில் வரும். அதைப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் தலையிலோ சைக்கிளிலோ சுமந்து வருகிறார்கள். அரை வாளியில் குளித்து முடிக்கப் பழகுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும். கழிப்பறை பெரும்பாலும் குழிக் கழிப்பறை. இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போக வேண்டாம். வெளியே உலர்த்திய துணியை, உள்ளாடை உட்பட, சூடாக இஸ்திரி போட்டபிறகே உடுத்துங்கள். ஈரத்துணியில் முட்டையிடும் ஒருவகை ஈயின் புழு தோலுக்குள் வளரும்.

என்ன உடுத்துவது?

பெண்களுக்குச் சுரிதார் எங்கும் பொருந்தும். சேலையும் நல்லதே, ஆனால் எல்லாக் கண்களும் உங்கள்மேல் இருக்கும். கிராமத்துச் சபைகளில் பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை அணிவார்கள். ஜீன்ஸ் பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஆண்கள் ஆராதனைக்குத் தேய்த்த முழுக்கைச் சட்டையோடும் துடைத்த ஷூவோடும் வருவார்கள். எவ்வளவு வறுமையிலும் அதில் குறைவைக்க மாட்டார்கள். நம் ஊழியர் கசங்கிய டீ சர்ட்டோடு பிரசங்கம் செய்ய ஏறினால், "எங்களுக்கு இது போதும் என்று நினைத்தார்" என்றே எடுத்துக்கொள்வார்கள். சாரம் கட்டிக்கொண்டு அறைக்கு வெளியே வராதீர்கள். உள்நாட்டுப் பகுதிகளில் இடுப்பில் துணி சுற்றுவது பெண்களின் உடை.

உயரமான பகுதிகளில் இரவு குளிரும். நைரோபி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

ஆராதனை நமக்குப் பழக்கமான முறையில் இருக்குமா?

உகாண்டா திருச்சபை ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது என்பதால், சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவருக்குப் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து ஒழுங்கு ஆகியவை மொழி புரியாமலே புரியும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பாடல் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிப் பாடும். காணிக்கையாகக் கோழியும் முட்டையும் வாழைக்குலையும் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். நம் அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏலத்தில் கலந்துகொள்ளச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருந்தாளியை முன்னே அழைத்து நிறுத்துவார்கள். உங்கள் சபையின் வாழ்த்துதலை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குக் குறையாக இருக்கும். ஆகவே புறப்படும் ஞாயிறன்றே உங்கள் போதகரிடம் கேட்டு ஒரு வாழ்த்துக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரசங்கம் மொழிபெயர்க்கப்படும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது பாதி நேரம். ஒரு மூச்சில் ஒரு கருத்து என்று சின்ன வாக்கியமாகப் பேசி நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பவர் முடிக்கும்வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள்.

அங்கே இந்தியர்களை எப்படிப் பார்க்கிறார்கள்? நிறத்தைப் பற்றிப் பேச்சு வருமா?

வரும். முதலில், உங்களை "முஹிந்தி" என்று அழைப்பார்கள். இந்தியர் என்று பொருள். நீங்கள் கடை முதலாளி என்றே முதலில் நினைப்பார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் வெள்ளையர் மேலேயும் ஆப்பிரிக்கர் கீழேயும், இந்தியர் நடுவில் வணிகராகவும் எழுத்தராகவும் வைக்கப்பட்டார்கள். வேலைக்காரர்களை இழிவாக நடத்திய இந்தியக் கடைகளின் நினைவு இன்னும் மறையவில்லை. 1972-இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு விதித்து ஆசியர்களை உகாண்டாவிலிருந்து வெளியேற்றினான். அது அநியாயம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்த அநியாயத்தைச் சிலர் கைதட்டி வரவேற்றது ஏன் என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்கள் தங்கும் வீட்டில் தரையைக் கூட்டி, பாத்திரம் கழுவி, அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால், "இப்படி ஓர் இந்தியரை நாங்கள் பார்த்ததில்லை" என்று பெரியவர்கள் சொல்வதை உங்கள் காதாலேயே கேட்பீர்கள்.

இரண்டாவது, இந்தியாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டது பற்றிக் கேட்பார்கள். 2016-இல் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதும், 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டதும் அங்கே நன்றாகத் தெரியும். மழுப்பாதீர்கள். வெட்கப்படுகிறோம் என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் பெண் பார்க்கும்போது நிறம் பார்க்கிறோம், குழந்தை பிறந்தால் நிறம் கேட்கிறோம், கறுப்பைக் கிண்டல் செய்கிறோம். இந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகாமல் இருப்பதே பெரிய ஆயத்தம். தமிழில் பேசினால் அவர்களுக்குப் புரியாது என்று நினைத்து ஒருவரது தோற்றத்தைப் பற்றிச் சிரித்துப் பேசுவதைவிட ஊழியத்துக்கு இழுக்கு வேறில்லை. சிரிப்பு எல்லா மொழியிலும் புரியும்.

மூன்றாவது, சாதி பற்றிக் கேட்பார்கள். இதில் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவருக்குச் சொல்வதற்கு உண்மையான கதை உண்டு. நம் பாட்டிமார் மார்பை மறைத்து மேலாடை போட உரிமையில்லாமல் அடிபட்டார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே, 1859-இல் திருவிதாங்கூர் அரசு அந்த உரிமையை ஒப்புக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டது. இதைச் சொல்லும்போது அவர்கள் உங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குவார்கள். கூடவே, சாதி நம் சபைகளுக்குள் இன்னும் முழுதாக ஒழியவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பணம் கேட்டால் என்ன செய்வது?

கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, கூரைத் தகடு, பைபிள் கல்லூரிக் கட்டணம் என்று கேட்பவை எல்லாம் பெரும்பாலும் உண்மையான தேவைகள். அதனால்தான் இதற்குப் பதில் சொல்வது கடினம். தனி ஆளிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், அந்த ஊர்ப் போதகரின் மதிப்பும் சபைக் கமிட்டியின் ஒழுங்கும் குலைந்துவிடும். கிடைக்காத பத்து வீட்டாரிடையே மனத்தாங்கல் வரும். நீங்கள் போன பிறகு அதன் விளைவை அவர்கள் சுமக்க வேண்டும். "எனக்கு இந்த ஊரின் வரிசை தெரியாது, கமிட்டியிடம் சொல்கிறேன்" என்பது நேர்மையான பதில். கமிட்டியிடம் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் அது தட்டிக்கழிப்பதாகும்.

வாக்குறுதி கொடுக்காதீர்கள். "ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்று நாம் சும்மா சொல்வதை அங்கே ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு, ஒரு தகப்பன் மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பான். நம்மால் ஆகக்கூடியதை நம் சபை கூடிப் பேசி முடிவெடுத்த பிறகு எழுத்தில் தெரிவிக்கலாம்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், பக்கத்துத் திருநெல்வேலித் திருச்சபையில் வளர்ந்த அசரியா, மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தைப் போற்றிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பணமும் உழைப்பும் தந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார மறுத்த வேதனையிலிருந்து வந்த பேச்சு அது. இப்போது பயணச்சீட்டும் பணப்பையும் நம் கையில் இருக்கின்றன. அசரியாவின் கேள்வி நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

அன்றாடச் செலவுக்கு, பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கி, கைபேசிப் பணக் கணக்கைத் தொடங்குங்கள். கென்யாவில் 2007 முதல் எம்-பெசா நடக்கிறது. கீரை விற்பவர்கூட அதில் வாங்கிக்கொள்வார்.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். நோயாளிகளையும் அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளைகளையும் எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளையை அந்தக் கோலத்தில் யாராவது படம் பிடித்து வேறு நாட்டுச் சபையில் திரையில் காட்டினால் பொறுப்பீர்களா என்று ஒரு கணம் நினைத்தால் போதும்.

மூன்றாவது வாரத்தில் எல்லாமே வெறுத்துப்போகிறது என்கிறார்களே?

பலருக்கும் அப்படித்தான். முதலில் எல்லாம் புதுமையாக இருக்கும். பிறகு சேவல் கூவுவதும், மின்சாரம் போவதும், செம்மண் ஒட்டுவதும், ஒரே போஷோவும் சேர்ந்து மனத்தை அரிக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். விசுவாசம் குறைந்துவிட்டது என்று தன்னைத்தானே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். உடலும் மனமும் ஒவ்வொரு சிறு காரியத்தையும் புதிதாகக் கற்று அலுத்துப்போன களைப்பு அது. வளைகுடாவுக்குப் போன நம் அண்ணன்மாருக்கு அறையில் நாலு மலையாளியாவது தமிழராவது இருப்பார்கள். ஆப்பிரிக்கக் கிராமத்தில் நீங்கள் ஒருவரே தமிழ் பேசுகிறவர்.

நன்றாகத் தூங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் எந்தக் கூட்டமும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசியுங்கள், கீர்த்தனை பாடுங்கள். வீட்டுக்குத் தினமும் மணிக்கணக்கில் வீடியோ காலில் பேசுவது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் அப்படிப் பேசுகிறவர்கள்தான் கடைசிவரை அந்த ஊரில் ஒட்டாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் பேசினால் போதும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் போனால் குழுத் தலைவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இடையில் திரும்பி வருவது தோல்வியன்று.

குழுவுக்குள் சண்டை வந்தால்?

அன்றன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உபசரிக்கும் குடும்பத்தின்முன் தமிழில் கடிந்துகொள்ள வேண்டாம்.

மகளை அனுப்புகிறோம். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் நகல்களை வாங்கி வையுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் அனுப்பாதீர்கள். தங்கும் வீட்டுப் பெண்மணியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடம் ஒருமுறையாவது நீங்களே பேசுங்கள். மொழி தட்டினாலும் ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசியதை அவர் மறக்க மாட்டார். இரவுப் பயணமும் ஹெல்மெட் இல்லாத போடா போடா என்னும் இருசக்கர வாடகை வண்டிப் பயணமும் கூடாது என்று மகளிடமும் குழுத் தலைவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கே மலேரியாவுக்கு அடுத்தபடி நான் பயப்படுவது சாலைக்குத்தான். இரண்டு நாள் செய்தி வராவிட்டால் உடனே பதற வேண்டாம். மழைக்காலமான மார்ச் முதல் மே வரையிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மின்சாரமும் சிக்னலும் அடிக்கடி போகும்.

திரும்பி வந்த பிறகு?

திரும்பிய ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலேரியாப் பரிசோதனைக்கு நேரம் கடந்துவிடும்.

சபையில் அறிக்கை வாசிக்கும்போது "பாவம் அந்த ஜனங்கள்" என்று தொடங்காதீர்கள். அறிக்கையை ஆங்கிலத்திலும் எழுதி அங்குள்ள போதகருக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர் திருத்திய பிறகு வாசியுங்கள். அவர் முன்னால் வாசிக்க முடியாத ஒரு வரியை அவர் இல்லாத இடத்திலும் வாசிக்க வேண்டாம்.

அவர்களை நம் சபைக்கு அழைக்கலாமா?

கட்டாயம் அழைக்க வேண்டும். ஒருவழிப் போக்கு நட்பாகாது. அவர்கள் இங்கே பிரசங்கம் செய்வதென்றால் சுற்றுலா விசா செல்லாது. இந்திய அரசு அதற்கென்று மிஷனெரி விசா வைத்திருக்கிறது. உகாண்டாவிலிருந்து வருகிறவரிடமும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள். பயணச்செலவை முழுவதுமாக நம் சபை ஏற்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வெயிலும் மழையும் தாங்கும்படி இருக்கும். லாட்ஜில் தங்கவைக்காமல் வீட்டில் தங்கவையுங்கள். மரச்சீனியும் மீன்கறியும் செய்யும்போது முதல் நாள் மட்டும் மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள்.